கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்து ஒன்றரை வருஷம் கழித்து மலத்தில் ரத்தம்: மூலமா?

அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், ஆபரேஷனும் கரண்டும் முடிந்து ஒன்றரை வருஷம், இப்போது மலத்தோடு ரத்தம், கும்பகோணத்திலேயே மூலத்துக்கு ஊசி போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள். ரப்பர் வளையமும் வேண்டாம், கத்தியும் வேண்டாம்.

மலக்குடலின் முன்சுவர் கர்ப்பப்பை வாய்க்கு நேர் பின்னால் இருக்கிறது. வெளியிலிருந்து கொடுத்த கதிரும், உள்ளே கருவி வைத்துக் கொடுத்த கதிரும் அதன்மேல் பட்டிருக்கும். அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் மெல்ல மெல்ல அடைபட, ஈடுகட்ட முளைக்கும் புதுக்குழாய்கள் நூலாக மெலிந்திருக்கும்; மலம் உரசினாலே கசியும். அதனால்தான் ஆறு மாதம், இரண்டு வருஷம், சிலருக்கு அதற்கும் பிறகு ரத்தம் வருகிறது. ரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் கீறினால் புண் ஆறாது. மலக்குடலுக்கும் யோனிக்கும் நடுவே ஓட்டை விழுந்தால் மலம் முன்பக்கமாக வரும். முன்சுவரில் தேவையில்லாமல் சதை எடுத்துச் சோதிக்கக்கூட மருத்துவர்கள் தயங்குவது இதற்காகத்தான்.

மூல வைத்தியர்களைப் பழிக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூலமும் கூடவே இருக்கலாம், வேறு கட்டியும் இருக்கலாம். கேமரா விட்டுப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது. தஞ்சாவூரோ திருச்சியோ, குடல்நோய் மருத்துவரிடம் போங்கள். வாசலிலேயே "கரண்ட் வைத்திருக்கிறது" என்று சொல்லி, கதிர் அளவு எழுதிய சீட்டைக் காட்டுங்கள். ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள்.

ரத்தம் கொஞ்சமாக இருந்தால் பெரும்பாலும் சுக்ரால்ஃபேட் எனிமா (புண்மேல் படலமாகப் படியும் மருந்தை ஆசனவாய் வழியே ஏற்றுவது) தருவார்கள்: 2 கிராம் மருந்து, 20 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், தினம் இரண்டு வேளை. மலம் கழித்த பிறகு இடப்பக்கம் படுக்கவைத்து, மெல்லிய குழாயில் எண்ணெய் தடவி, அழுத்தாமல் ஏற்ற வேண்டும். அரை மணி நேரமாவது உள்ளே நிற்கட்டும். நாலு நாளில் பலன் தெரியாது, வாரக்கணக்கில் ஆகும். அதற்கும் நிற்காவிட்டால் ஆர்கான் வாயுவால் கசியும் ரத்தக்குழாய்களைச் சுடுவார்கள்; ஒரே தடவையில் முடியாமலும் போகலாம்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் மூலம், பௌத்திரம் விளம்பரம். கரண்ட் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலோ "பின்னால் ரத்தம் வரலாம்" என்ற ஒரு வரியைக் காண்பது அரிது. நம் பெண்களும் வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைக்கிறார்கள். இது மனசு பொறுக்கவில்லை.

சாப்பாட்டில், அவ்வப்போது வயிறு முறுக்கினால் வாழைத்தண்டும் பனங்கிழங்கும் நிறுத்துங்கள். கதிர் பட்டுச் சிறுகுடல் சுருங்கியிருந்தால் நார் போய் அடைக்கும். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் பேதி மாத்திரை, விளக்கெண்ணெய் எதுவும் கொடுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.