அவசரப்பட்டதா, அவசர அவசரமாகச் செய்ததா?

சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்திலிருந்து தாயார் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தயாராகும் அவருடைய மகள், விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் அப்பாவைப் பற்றிய கட்டுரையில் ‘மை ஃபாதர் வாஸ் ஹேஸ்டி’ என்று எழுத, ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் சுழித்து ‘இன் எ ஹரி’ என்று திருத்தியிருக்கிறார். அகராதியில் ‘ஹேஸ்ட்’, ‘ஹரி’ இரண்டுக்கும் ‘அவசரம்’ என்றே பொருள் இருக்கும்போது இதில் என்ன பிழை என்பது அவருடைய கேள்வி.

ஆசிரியர் திருத்தியது சரிதான், அம்மா. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுப்பதற்கு, நேரமாகிவிட்டது என்று அப்பா பரபரத்ததைத்தான் உங்கள் மகள் சொல்ல நினைத்தாள். ஆனால் அவள் எழுதிய வாக்கியம், அப்பா யோசிக்காமல் காரியத்தில் இறங்குகிறவர் என்று அவர்மேல் ஒரு குறையைச் சுமத்திவிட்டது.

இந்த வேறுபாடு நமக்குப் புதியதன்று. ‘அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிட்டான்’ என்று சொன்னால், கொஞ்சம் யோசித்திருக்கலாமே என்ற ஆதங்கம் அதில் இருக்கிறது. ‘அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனான்’ என்றாலோ நேரம் போதவில்லை என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. முன்னது ‘ஹேஸ்டி’, பின்னது ‘ஹரீட்’. மலாயில் ‘தெர்கெசா-கெசா’ என்ற ஒரே சொல் இரண்டு இடத்திலும் பொருந்திவிடுவதால், பள்ளியில் மலாய் வழியாகவே யோசித்துப் பழகிய பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் தமிழ்தான் நல்ல துணை.

செம்பனைக் காட்டைப் பார்த்தவர்களுக்கு இதை இன்னும் எளிதாக விளக்கலாம். பழுத்த குலையிலிருந்து பழங்கள் தாமாக உதிர்ந்து மரத்தடியில் கிடக்கும். அந்த உதிரிப்பழம் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்காமல் ஒருவர் காய்க்குலையை வெட்டிச் சாய்த்தால், எண்ணெய் ஏறாத குலை வீணாகிறது, அது ‘ஹேஸ்டி’. வெட்டிய குலையைப் போட்டுவைத்தால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் கெடும் என்பதால், 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க லாரியில் வேகவேகமாக ஏற்றுகிறார்களே, அது ‘ஹரீட்’. பின்னதில் யாருடைய புத்தியையும் குறை சொல்வதற்கில்லை.

ஆனாலும் இதை இரும்பு விதியாகக் கொள்ள வேண்டாம். ‘ஹேஸ்டி’ வெறும் வேகத்தை மட்டும் குறிக்கும் இடங்களும் உண்டு: ‘எ ஹேஸ்டி மீல்’ என்று ஆங்கிலேயர் எழுதுவதில் பழிச்சொல் ஏதுமில்லை. முடிவு, தீர்ப்பு, வாக்குறுதி போன்று யோசித்துச் செய்ய வேண்டியவற்றின் முன்னால் வரும்போதுதான் அந்தச் சொல்லுக்குக் குற்றம் சாட்டும் தொனி ஏறுகிறது. மனிதரைப் பற்றி ‘ஹி இஸ் ஹேஸ்டி’ என்றால் பெரும்பாலும் அவருடைய குணத்தைத்தான் சொல்கிறோம். அதே மனிதருக்கு அந்த நேரத்தில் இருந்த அவசரத்தைச் சொல்ல ‘ஹி இஸ் ஹரீட்’ என்பதும் இயல்பாக ஒலிக்காது. ‘ஹி இஸ் இன் எ ஹரி’ என்றே எழுத வேண்டும்.

அந்தத் தொடரில் ‘எ’ கட்டாயம் வேண்டும் என்பதையும், ‘இன் ஹேஸ்ட்’ என்பதில் அது வரவே கூடாது என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். மாணவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். பேச்சில் ‘ஹரி அப்’ என்று துரிதப்படுத்தலாம், ‘ஹேஸ்ட் அப்’ என்ற வழக்கு கிடையாது. ‘ஹேஸ்ட்’ 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் பழைய பிரெஞ்சிலிருந்து வந்து சேர்ந்தது. இன்று அது பெரும்பாலும் எழுத்து நடைக்குரிய சொல்லாக இருக்கிறது. அதிலிருந்து பிறந்த ‘hasten’ என்ற வினைச்சொல்லை உச்சரிக்கும்போது ‘டி’ எழுத்து ஒலிக்காது, ‘ஹேஸன்’ என்றே சொல்ல வேண்டும். 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் பேச்சுக்கென்றே தனித்தாள் இருப்பதால், அந்தச் சொல்லை நாலைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.