'மஞ்சூரியன் கேண்டிடேட்'டை மறுபடி எடுத்தது தேவைதானா? வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

ஜான் ஃபிராங்கன்ஹைமர் 1962-ல் எடுத்த 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்', அதையே ஜோனதன் டெமி 2004-ல் திரும்ப எடுத்தது. இந்த இரண்டையும் பற்றி வந்த கேள்விகள் இவை. இரண்டு படத்தின் முடிவையும் உடைத்துத்தான் பேசியிருக்கிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது. நான் சொன்னாலும் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும்.

சார், நான் இரண்டையும் பார்க்கவில்லை. கதையை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள்.

பார்த்தீர்களா, முதல் கேள்வியே இது! சரி. கொரியப் போரில் ஓர் அமெரிக்க ராணுவக் குழு எதிரிகளிடம் பிடிபடுகிறது. சீனாவின் வடகிழக்கில் இருக்கும் மஞ்சூரியாவில் வைத்து அவர்களை மூளைச்சலவை செய்து திருப்பி அனுப்புகிறார்கள். அவர்களில் ரேமண்ட் ஷா என்பவன் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தோடு ஊர் திரும்புகிறான். அவன் யாருக்கும் பிடிக்காத சிடுமூஞ்சி. ஆனால் கூட இருந்தவர்களிடம் கேட்டால், அவனைப் போல அன்பானவன், தைரியசாலி உலகத்திலேயே இல்லை என்று மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பார்கள். சீட்டுக்கட்டில் டைமன் ராணியைப் பார்த்தால் போதும், அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் செய்துவிடுவான், செய்தது நினைவிலும் இருக்காது. அவனை இயக்குபவள் அவனுடைய சொந்த அம்மா. அவளுடைய இரண்டாவது கணவர் ஒரு செனட்டர். அதிபர் வேட்பாளரை மகன் கையால் மாநாட்டு மேடையிலேயே சுட்டுக் கொன்று, துணை அதிபர் வேட்பாளரான கணவரை மேலே ஏற்றுவதுதான் திட்டம். கடைசி நொடியில் ரேமண்ட் அம்மாவையும் அவள் கணவரையும் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்கிறான்.

இதெல்லாம் காதில் பூ சுற்றுகிற கதை. அப்போது ஜனங்கள் நம்பினார்களா?

நம்பினார்கள், அதற்குக் காரணமும் இருந்தது. மூளைச்சலவை என்பதற்கான ஆங்கிலச் சொல்லே 1950-ல்தான் எட்வர்ட் ஹண்டர் என்ற பத்திரிகையாளர் மூலம் பரவியது. 1953-ல் கொரியப் போர் ஓய்ந்தபோது, பிடிபட்டிருந்த அமெரிக்க வீரர்களில் 21 பேர் ஊருக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அமெரிக்கா ஆடிப்போனது. எதிரி என்னவோ செய்கிறான் என்ற பயத்தில், அதற்குச் சில மாதம் முன்பே சி.ஐ.ஏ.வும் 'எம்.கே. அல்ட்ரா' என்று மனதைக் கட்டுப்படுத்தும் சோதனைகளை ரகசியமாக ஆரம்பித்தது. ரிச்சர்ட் காண்டன் இந்தக் கதையை நாவலாக எழுதியது 1959-ல். படம் வெளியானது 1962 அக்டோபர் 24. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதாக அதிபர் கென்னடி டிவியில் அறிவித்து இரண்டே நாள் ஆகியிருந்தது. அந்த வாரம் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவருக்கு இது காதில் பூவாகத் தெரிந்திருக்குமா?

நேரடியாகவே கேட்கிறேன். ரீமேக் தேவையா, இல்லையா?

டெமி எடுத்த விதத்தில், பாதி தேவை. எந்தப் பாதி என்று சொல்ல வேண்டுமானால் பழைய படத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பலரும் அது மூளைச்சலவையில் இருக்கிறது என்கிறார்கள். எனக்கு அது ஒரு கெச்சப் பாட்டிலில் இருக்கிறது.

ரேமண்டின் அம்மாவுடைய கணவர் செனட்டர் ஐஸ்லின், நிஜ செனட்டர் ஜோசஃப் மெக்கார்த்தியை அப்படியே உரித்து வைத்த பாத்திரம். மெக்கார்த்தி 1950-ல் அமெரிக்க வெளியுறவுத் துறையில் கம்யூனிஸ்ட்டுகள் புகுந்துவிட்டார்கள் என்று கிளப்பிவிட்டார். எத்தனை பேர் என்பது ஒரு பேச்சில் 205, அடுத்ததில் 57 என்று ஏறி இறங்கியது. படத்திலும் ஐஸ்லினுக்கு அந்த எண்ணிக்கை நினைவில் நிற்காது. ஞாபகம் வைத்துக்கொள்ள லேசாக ஒரே ஒரு நம்பர் கொடு என்று மனைவியிடம் கெஞ்சுவார். சாப்பிட்டுக்கொண்டே ஹைன்ஸ் கெச்சப் பாட்டிலைத் தட்டுவார். பாட்டிலில் 57 என்று போட்டிருக்கும். அடுத்த காட்சியில் செனட் சபையில் எழுந்து 57 கம்யூனிஸ்ட்டுகள் என்று முழங்குவார்.

தியேட்டரில் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்குப் பின்னால்தான் ஊசி இருக்கிறது. கம்யூனிஸ்ட் கம்யூனிஸ்ட் என்று ஊரைக் கூட்டுகிற இந்த ஆளின் வீட்டுக்குள்ளேதான் மாஸ்கோவின் ஏஜென்ட் இருக்கிறாள். தேசபக்தி கோஷமே எதிரியின் கருவி! இடதுசாரி, வலதுசாரி இரண்டு பேரையும் ஒரே அடியில் சாய்க்கிற கிண்டல் இது. ரீமேக்கில் 'மஞ்சூரியன் குளோபல்' என்ற பெரிய நிறுவனம் வில்லன். பெயர் இருக்கிறது, அந்தத் தலைகீழ் கிண்டல் இல்லை. பணக்காரக் கம்பெனி ஒரு அரசியல்வாதியை விலைக்கு வாங்குவதில் யாருக்கு என்ன ஆச்சரியம்?

அண்ணா, பழைய படம் என்றாலே தலையில் தூக்கி வைக்கிறீர்கள். கம்பெனிதான் ஆட்சியை நடத்துகிறது என்பது 1962 கதையைவிட இன்றைக்கு நெருக்கமாக இல்லையா?

நெருக்கம்தான் தம்பி, மறுக்கவில்லை. கொரியாவுக்குப் பதிலாக 1991 வளைகுடாப் போர் என்று மாற்றியது நல்ல முடிவு. 2004-ல் ஈராக்கில் போர் நடந்துகொண்டிருந்தது. அப்போதைய துணை அதிபர் டிக் செனி 2000 வரை ஹாலிபர்ட்டன் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். அதே நிறுவனத்துக்கு ஈராக்கில் பெரிய பெரிய ஒப்பந்தங்கள். ரீமேக்கில் ரேமண்டே துணை அதிபர் வேட்பாளராக நிற்கிறான். படத்தை ஜனநாயகக் கட்சி மாநாடு முடிந்த மறுநாள், ஜூலை 30 அன்று வெளியிட்டார்கள். குறி எங்கே என்று எல்லோருக்கும் புரிந்தது.

ஆனால் செய்தித்தாளில் தினமும் வருகிற ஒன்றைத் திரையில் காட்டும்போது தலையாட்டத்தான் தோன்றும், திடுக்கிடத் தோன்றாது. 1962 படத்தில் தேசபக்தன் என்று நாம் நம்பியவரின் வீடே எதிரியின் முகாம். 2004-ல் நாம் சந்தேகப்பட்ட ஆளேதான் குற்றவாளி.

கறுப்பு வெள்ளைப் படத்தை இப்போதுள்ள பிள்ளைகள் பத்து நிமிஷம்கூடப் பார்க்க மாட்டார்கள். அதற்காகவாவது ரீமேக் வேண்டாமா? (நான் கல்லூரியில் பாடம் எடுப்பவள்.)

டீச்சர், வகுப்பில் ஒரே ஒரு காட்சியைப் போட்டுப் பாருங்கள், ரேமண்டோடு பிடிபட்டு இப்போது உண்மையைத் துப்பறிகிற அதிகாரி மார்க்கோவுக்கு வரும் கனவுக் காட்சியை. நியூஜெர்சியில் ஒரு ஹோட்டல், பூந்தோட்டச் சங்கக் கூட்டம். தொப்பி போட்ட ஒரு பெண்மணி ஹைட்ரேஞ்சியா செடி வளர்ப்பது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நம் வீரர்கள் அலுப்போடு கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கேமரா மெதுவாக ஒரு முழு வட்டம் சுற்றுகிறது. திரும்பி வரும்போது பெண்கள் இல்லை. சோவியத், சீன அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள், மேடையில் மூளைச்சலவை நிபுணர். அதற்குப் பிறகு இரண்டும் கலக்கிறது: அதிகாரியின் பேச்சு பெண்மணி வாயிலிருந்து வரும், பூந்தோட்டத்துப் பெண்மணி ஸ்டாலின் படத்துக்கு முன்னால் நிற்பார். அந்த மரியாதையான சூழலில்தான் ரேமண்ட் தன் கூட்டாளியை அமைதியாகக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். இதே கனவு ஒரு கறுப்பின வீரருக்கு வரும்போது கூட்டத்தில் இருக்கும் பெண்கள் எல்லோரும் கறுப்பினத்தவர்கள். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. அவரவர் மூளை அவரவருக்குத் தெரிந்த ஆட்களை உட்கார வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ரீமேக்கில் இந்த இடத்தில் ஆய்வுக்கூடம், துளையிடும் கருவி, உடம்புக்குள் பதித்த சில்லு. எல்லாவற்றையும் காட்டிவிட்டார்கள். எனக்கு வயிறு கலங்கியது, பயம் வரவில்லை.

அம்மா பாத்திரம்: ஏஞ்சலா லான்ஸ்பரியா, மெரில் ஸ்ட்ரீப்பா?

லான்ஸ்பரி. யோசிக்கவே வேண்டாம். மகனாக நடித்த லாரன்ஸ் ஹார்வியைவிட அவருக்கு மூன்றே வயதுதான் கூட, ஆனாலும் அம்மா இல்லை என்று ஒரு நொடி தோன்றாது. ஸ்ட்ரீப் நடித்தது ரசிக்கத்தக்க நடிப்பு, லான்ஸ்பரியிடம் நடிப்பே தெரியவில்லை. ஒன்று மட்டும் ஸ்ட்ரீப் பக்கம் சொல்ல வேண்டும். 1962-ல் அந்தப் பெண் கணவனை முன்னால் நிறுத்தித்தான் ஆள முடியும். 2004-ல் அவளே செனட்டர். அந்த மாற்றம் சரியான மாற்றம்.

கென்னடி கொலைக்குப் பிறகு சினாட்ரா இந்தப் படத்தைப் பூட்டி வைத்துவிட்டாராமே?

அழகான கதை, அவ்வளவு உண்மை இல்லை. படத்தில் மேஜர் மார்க்கோவாக நடித்த ஃபிராங்க் சினாட்ரா கென்னடியின் நண்பர். எடுக்கத் தயங்கிய ஸ்டூடியோவிடம் கென்னடியின் சம்மதத்தைச் சொல்லித்தான் படம் நடந்தது. 1963 நவம்பரில் கென்னடி சுடப்பட்ட பிறகும் இது டிவியில் ஒளிபரப்பாகியிருக்கிறது. உரிமை சினாட்ராவிடம் வந்ததே 1972-ல். அதற்கப்புறம் படம் பார்க்கக் கிடைப்பது அரிதானது. 1988-ல் மீண்டும் தியேட்டருக்கு வந்தபோது, பூட்டி வைத்திருந்த கதையே நல்ல விளம்பரமாகிவிட்டது. ரீமேக்கின் தயாரிப்பாளர்களில் ஒருவர் அவர் மகள் டினா சினாட்ரா.

ரீமேக் கல்லா கட்டியதா?

செலவு சுமார் 8 கோடி டாலர், உலக வசூல் சுமார் 9.6 கோடி. தியேட்டர்காரர்கள் பங்கு போனால் மீதி என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அரசியல் த்ரில்லர் ரீமேக் எதுவுமே உருப்படவில்லையா?

கெட்டுப்போனதற்கு நல்ல உதாரணம் 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' படத்தின் ரீமேக். முதலில் மூலப் படம். பிரெஞ்சு அதிபர் டி கோலைச் சுடக் கூலிக்கு ஆள் வருகிறான். டி கோல் 1970-ல் வீட்டில்தான் இறந்தார் என்பது 1973-ல் படம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பதறினார்கள். பாஸ்போர்ட் எப்படி வாங்குகிறான், ஊன்றுகோலுக்குள் துப்பாக்கியை எப்படி ஒளிக்கிறான், மரத்தில் தர்பூசணியைத் தொங்கவிட்டு எப்படிக் குறி பார்க்கிறான் என்று ஒவ்வொரு வேலையையும் ஃப்ரெட் ஜின்னமன் பொறுமையாகக் காட்டினார். 1997-ல் புரூஸ் வில்லிஸை வைத்து எடுத்ததில் ரிமோட்டில் இயங்கும் பெரிய துப்பாக்கி. வேலை நுணுக்கம் போய்விட்டது, சத்தம்தான் மிச்சம்.

உருப்பட்டது என்றால் நான் ஹிந்திப் படமான 'ஷாங்காய்' என்பேன். கோஸ்டா காவ்ரஸின் 'இஸட்' 1969-ல் வந்தது. கிரீஸில் 1963-ல் லாம்ப்ராகிஸ் என்ற எம்.பி.யை நடுத்தெருவில் கொன்றுவிட்டு விபத்து என்று மூடப் பார்த்த கதை. அதன் மூலம் வாசிலிகோஸ் எழுதிய நாவல். அந்த நாவலிலிருந்துதான் திபாகர் பானர்ஜி 2012-ல் 'ஷாங்காய்' எடுத்தார். 'இஸட்'டில் கொலைக்குப் பின்னால் இருந்த ராணுவ அதிகாரிகளை அப்படியே இங்கே கொண்டுவரவில்லை. நம் ஊரில் இதே கொலை எதற்காக நடக்கும் என்று கேட்டார். நிலத்துக்காக, வளர்ச்சித் திட்டம் என்ற பெயரில். உண்மையைத் தோண்டுகிற மாஜிஸ்திரேட் இங்கே ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி, கிருஷ்ணன் என்ற தமிழர். கிரீஸில் அந்த வழக்கை நிஜமாக விசாரித்த சார்ட்ஸெட்டாகிஸ் 1985-ல் நாட்டின் குடியரசுத் தலைவரே ஆனார். கிருஷ்ணனுக்கு அந்த மாதிரி எதுவும் நடக்கும் என்று படம் நம்ப வைக்கவில்லை. ரீமேக் என்றால் இப்படிக் கேட்டு எடுக்க வேண்டும்.

நம்ம 'முதல்வன்' ஹிந்திக்குப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை?

ஷங்கரே 2001-ல் 'நாயக்' என்று எடுத்தார், ஓடவில்லை. ஆனால் டிவியில் போட்டுப் போட்டு வடக்கே எல்லோருக்கும் பிடித்த படமாகிவிட்டது. அது த்ரில்லரைவிட ஆசைக்கனவு வகை, இந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

ரீமேக்கை ஏற்கெனவே பார்த்துவிட்டேன். இனி பழையதைப் பார்த்தால் சுவாரஸ்யம் இருக்குமா?

இருக்கும். ஆனால் நீங்கள் தலைகீழாகப் பார்த்துவிட்டீர்கள். நான் முன்னால் சொன்ன நல்ல பாதி இதுதான்: பழைய படத்தில் சுடுபவன் ரேமண்ட். அதை மனதில் வைத்துக்கொண்டு 2004-ல் தியேட்டருக்குப் போனவர்களுக்குத்தான் டெமி வலை விரித்தார். துப்பறிகிற மார்க்கோவையே, அந்தப் பாத்திரத்தில் நாம் நம்பி உட்கார்ந்திருக்கிற டென்சல் வாஷிங்டனையே, சுடுகிறவனாக ஆக்கிவிட்டார். நடிகர்கள் கேமராவை நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிற அவருடைய வழக்கமான ஷாட்டுகள் இங்கே நன்றாக வேலை செய்கின்றன, நம் மூளையையும் யாரோ சோதிக்கிற மாதிரி. பழையதைப் பார்க்காதவருக்கு இந்த அடி பாதிதான் விழும்.

பரவாயில்லை, இன்று ராத்திரி பழையதைப் போடுங்கள். நடுவில் ஒரு மதுக்கடைக் காட்சி வரும். கடைக்காரர் யாரிடமோ கதை அடிக்கிறார், பக்கத்தில் ரேமண்ட் சீட்டை விரித்துக்கொண்டிருக்கிறான், டைமன் ராணி விழுகிறது. அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் பேச்சுவாக்கில், சென்ட்ரல் பார்க்கில் போய் ஏரியில் குதி என்று ஒரு வார்த்தை விடுகிறார். ரேமண்ட் எழுந்து போகிறான். எங்கே என்று நான் சொல்ல வேண்டியதில்லை.