சி நிரல்மொழியில் தமிழ்ச் சொற்களைப் பிரித்தால் ‘முத்தையன்கட்டு’ ஏன் நாலு துண்டாகிறது?

நீங்கள் கேட்டது இதுதானே: வன்னிக் குளங்களின் பெயர்ப் பட்டியலை லினக்ஸில் வாசித்து, ஒரு குறி எழுத்தா என்று சோதிக்கும் ‘ஐஎஸ்டபிள்யூஆல்ஃபா’ என்ற செயற்கூறு சுழியம் (அதாவது ‘இல்லை’) தரும் இடங்களில் வெட்டுகிறீர்கள். இரணைமடு முழுசாக வருகிறது. முத்தையன்கட்டு மட்டும் ‘முத’, ‘தையன’, ‘கட’, ‘டு’ என்று சிதறுகிறது.

வெட்டு விழுந்த இடங்களைப் பாருங்கள், மூன்றும் புள்ளிகள். இரணைமடுவில் புள்ளியே இல்லை, அதுதான் தப்பிவிட்டது. வவுனிக்குளத்தைக் கொடுத்துப் பாருங்கள், அதுவும் உடையும்.

எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் ‘த்’ என்பது ஒரு குறியல்ல. ‘த’ வரும், அதன் பின்னால் தனியாகப் புள்ளி வரும் (அதன் யூனிகோட் எண் பதின்மத்தில் 3021). அரவு, கொம்பு போன்ற உயிர்க்குறிகளுக்கு ‘அகரவரிசைக்குரியது’ என்ற பண்பை யூனிகோட் கொடுத்திருக்கிறது, புள்ளிக்குக் கொடுக்கவில்லை. லினக்ஸில் சி நிரல்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நூலகமான ஜிலிப்சி அந்தப் பட்டியலைத்தான் பின்பற்றுகிறது. அது மட்டுமல்ல, நிறுத்தக்குறியா என்று சோதிக்கும் ‘ஐஎஸ்டபிள்யூபங்க்ட்’டிடம் கேட்டால் புள்ளியை நிறுத்தக்குறி என்றே சொல்லும். தமிழில் ஏராளமான சொற்கள் மெய்யில் முடிகிற நிலையில் இது கொஞ்சம் அநியாயம்தான்!

தமிழ் எண்களிலும் ஒரு வேடிக்கை உண்டு. இலக்கமா என்று சோதிக்கும் ‘ஐஎஸ்டபிள்யூடிஜிட்’ 0 முதல் 9 வரை மட்டுமே ஏற்க வேண்டும் என்பது சி தரத்தின் விதி. அதனால் ‘௧’ அங்கே இலக்கமல்ல, ஜிலிப்சியில் அது எழுத்துகளோடு சேர்ந்துவிடும்.

எந்த மொழி அமைப்பில் இயங்க வேண்டும் என்று நிரலுக்குச் சொல்லும் ‘செட்லொக்கேல்’ பற்றிச் சிலர் உங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள். அதை நிரலின் தொடக்கத்தில் அழைப்பது கட்டாயம்தான், ஆனால் உங்கள் சிக்கல் அதுவல்ல. அழைக்காமல் விட்டிருந்தால் இரணைமடுகூட வந்திருக்காது.

சரி, என்ன செய்யலாம்? சொந்தமாக ஒரு சிறு செயற்கூறு எழுதுங்கள்: ‘ஐஎஸ்டபிள்யூஆல்ஃபா’ உண்மை என்றாலோ, குறி 3021 என்றாலோ, அது சொல்லின் பகுதி. 2944 முதல் 3071 வரை மொத்தத் தமிழ்ப் பகுதியையும் அனுமதிக்கலாம்தான், ஆனால் ரூபாக் குறியும் நாள் குறியும் கூடவே நுழையும். நான் முதல் வழியையே எடுப்பேன்.

அப்புறம், பட்டியல் ஏதாவது அலுவலகத்திலிருந்து வந்தது என்றால் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியதா என்று முதலில் பாருங்கள். பாமினிக் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அதை யூனிகோடுக்கு மாற்றாமல் எந்தச் செயற்கூறும் உதவாது.