குளிர்காலக் காலையில் என் ஆட்டோமேட்டிக் கார் கியர் விழத் தாமதமாகிறது. கியர் ஆயில் மாற்ற வேண்டுமா?

ஓசூருக்குக் குடிவந்து முதல் மார்கழி, காலையில் ரிவர்ஸ் போட்டால் ஒரு நொடி கழித்துத்தான் நகர்கிறது, இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறுவதற்குள் இன்ஜின் கத்துகிறது, பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால்தான் நான் பயப்படுவேன்.

நான் தேன்கனிக்கோட்டைக்காரன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறேன். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரில், மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்துத்தான் தலைக்குத் தடவ வேண்டும். கியர்பாக்ஸ் ஆயில் அந்த அளவுக்கு உறையாது, ஆனால் கெட்டிப்படும். இந்த வகை கியர்பாக்ஸில் உள்ளே இருக்கும் கிளட்ச்சுகளை அழுத்திப் பிடிப்பதே அந்த ஆயிலின் அழுத்தம்தான். கெட்டியான ஆயில் குறுகிய வழிகளில் புகுந்து நிரம்ப எடுத்துக்கொள்ளும் நேரம்தான் உங்கள் ஒரு நொடி. இன்ஜின் கத்துவது பல கார்களில் வேண்டுமென்றே செய்து வைத்தது. சூடு ஏறும்வரை டாப் கியரையும், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) லாக் ஆகி நேரடியாக இணைவதையும் கம்ப்யூட்டரே தள்ளிப்போடும்.

அதற்காக வாசலில் கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிட வேண்டாம், பெட்ரோல்தான் வீண். அரை நிமிடம் போதும். அப்புறம் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்துப் போங்கள். ஓடும்போதுதான் கியர்பாக்ஸ் சீக்கிரம் சூடாகும்.

முதல் வருடம் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த வண்டியில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உருவிப் பார்த்தேன். சூடான ஆயிலுக்கான 'ஹாட்' கோட்டுக்குக் கீழே இருந்ததால் குறைகிறது என்று நினைத்து அரை லிட்டர் ஊற்றிவிட்டேன். ஆயில் சூடானால் விரியும் என்பது அப்போது புத்திக்கு எட்டவில்லை. கிருஷ்ணகிரி போய்த் திரும்பும்போது மேலுமலை ஏற்றத்தில் இன்ஜின் சுற்றுகிறது, வண்டி இழுக்கவில்லை. அளவு மீறிய ஆயில் உள்ளே அடிபட்டு நுரைத்துவிட்டது. நுரையால் கிளட்ச்சை அழுத்த முடியுமா? ஊற்றிய அரை லிட்டரை மெக்கானிக் திரும்ப உறிஞ்சி எடுத்தார். அளவு பார்ப்பதென்றால் நன்றாக ஓட்டிச் சூடேற்றி, சமதளத்தில், மேனுவலில் சொன்ன முறைப்படி பாருங்கள். டிப்ஸ்டிக்கே இல்லாத கார் என்றால் ஒர்க் ஷாப்பில் விட்டுவிடுங்கள்.

சரி, எப்போது மாற்றுவது? ஆயிலைக் கெடுப்பது குளிர் இல்லை, சூடு. சித்திரை வெயிலில் ஏசி போட்டு, குடும்பத்தோடு, சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தால், ஒரு மார்கழி முழுக்க ஆகாத கேடு அங்கே ஆகும். 'ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை' என்பதை நான் நம்புவதில்லை, யாருடைய ஆயுள் என்று தெரியவில்லை! மேனுவலில் கடினமான உபயோகத்துக்குத் தனிக் கணக்கு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். நான் 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுகிறேன். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் புது ஆயில் சிவப்பாக இருக்கும். பழுப்பேறியிருந்தால் காலம் நெருங்கிவிட்டது. கறுத்துக் கருகல் வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தேய்கிறது, ஆயில் மாற்றினால் மட்டும் தீராது.

ஒரு முறை வடித்தால் முழுதும் வராது. என் காரில் மொத்தம் 6 லிட்டர் சொச்சம், வடிவது இரண்டரைதான், மீதி டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். அதனால் சில நாள் இடைவெளியில் மூன்று முறை வடித்து நிரப்பினேன். மேனுவலில் போட்டிருக்கும் ரக ஆயிலையே வாங்குங்கள், 'எல்லாம் ஒன்றுதான் சார்' என்று கடையில் சொன்னாலும்.

எந்தக் கார் என்று நீங்கள் சொல்லவில்லை. ஏஎம்டி என்றால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது, அது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், கிளட்ச்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மட்டும் மெஷின் செய்கிறது. இல்லையென்றால் ஒருநாள் மத்தியானம், வண்டி நன்றாகச் சூடான பிறகு, பிரேக்கை மிதித்துக்கொண்டு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அப்போதும் அந்த ஒரு நொடி இருந்தால், எத்தனை கி.மீ. ஓடியிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.