சுகாதார சர்வேயில் மக்கள் நினைவிலிருந்து சொல்லும் வாழ்க்கை நிகழ்வுகளை எவ்வளவு நம்பலாம்?

பிரசவம், ஆபரேஷன், வீட்டில் ஒரு மரணம் என்று சர்வே எடுப்பவரிடம் நாமே நினைவிலிருந்து சொல்வதுதான் சுயதகவல். பெரிய நிகழ்வு நடந்ததா என்பதைப் பெரும்பாலும் சரியாகவே சொல்வோம். எப்போது என்பதில்தான் சறுக்கல். பழைய போட்டோ மாதிரி: ஆட்கள் தெரிவார்கள், பின்னால் தேதி இருக்காது. அதனால்தான் "ஒரு பத்து வருஷம் இருக்கும்" என்று முழு எண்ணாக வந்து விழுகிறது.

குளச்சல் பக்கம் "சுனாமிக்கு முன்னயா, பின்னயா?" என்று கேட்டுப் பாருங்கள். 2004 டிசம்பரை வைத்து ஆண்டைக் கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம். 2017 ஓகி புயலும் அப்படித்தான். கேட்பவருக்கு ஊர் தெரிந்திருப்பது அவ்வளவு முக்கியம்!

கருச்சிதைவு, வீட்டில் அடி வாங்கியது போன்றவை வேறு கதை. மறதியால் மட்டுமல்ல, பக்கத்தில் ஆள் இருப்பதாலும் விடுபடும். தனியாகத்தான் கேட்க வேண்டும்.

அப்புறம், தேதி மாறினால் பொய் சொல்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, நிகழ்வு பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.