டப்பாவில் வரும் குரோம் பம்பருக்கு ஆகுமா?

கேள்வி: என் அப்பா 1972-இல் வாங்கிய அம்பாசடர் மார்க் 2 இன்னும் எங்கள் வீட்டில் நிற்கிறது. எஞ்சின் வேலை முடித்துவிட்டேன். இரண்டு பம்பர், நான்கு வீல் கப், ஹெட்லைட் வளையம் எல்லாம் மங்கி, புள்ளிப் புள்ளியாகத் துரு பிடித்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மறுபடி குரோம் போட 26,000 ரூபாய் கேட்கிறார்கள். பெயிண்ட் கடையில் குரோம் ஸ்ப்ரே டப்பா சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை அடித்துச் சமாளித்துவிடலாமா? படங்கள் இணைத்திருக்கிறேன்.
(வாசகர், காரைக்குடி)

பதில்: வணக்கம் ஐயா. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் பம்பருக்கு ஸ்ப்ரே வேண்டாம். ஆனால் 26,000 ரூபாயும் தேவைப்படாது. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

கடையில் அந்த டப்பாவைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது மூடிதான். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும். அது பிளாஸ்டிக் மூடி. காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் அலுமினியத்தை ஆவியாக்கி அதன்மேல் படியவைத்திருப்பார்கள். டப்பாவுக்குள் இருக்கும் சரக்கு வேறு. அலுமினியத்தைப் பொடிப்பொடிச் செதிலாக்கி, சீக்கிரம் காயும் லாக்கர் பெயிண்டில் கலந்தது அது. அடித்தவுடன் அந்தச் செதில்கள் மேலே மிதந்து வந்து, ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றையொன்று ஒட்டிப் படுக்கும். அடியில் நல்ல பளபளப்பான கறுப்பு இருந்தால், பத்தடி தள்ளி நிற்பவர் குரோம் என்றே நினைப்பார். கிட்டப் போய் விரலால் தடவினால் விரலில் வெள்ளிப்பொடி ஒட்டும். சரி, மேலே கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்துக் காப்பாற்றலாம் என்று அடித்தால், கிளியரில் இருக்கும் தின்னர் படுத்திருந்த செதில்களைக் கிளப்பிவிடும். செதில்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்ததும் ஒளி சிதறும். கண்ணாடி போய் சாதா சில்வர் கலர்தான் மிஞ்சும். கிளியர் இல்லாவிட்டால் தேயும், அடித்தால் மங்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பதினைந்து வருடம் இருக்கும். மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு வண்டியாக வேண்டும், நாலு நாள்தான் இருக்கிறது என்று ஒருவர் அம்பாசடரைக் கொண்டுவந்து விட்டார். தொட்டியில் முக்கி மின்சாரத்தால் குரோம் ஏற்றும் பிளேட்டிங் கடைக்குப் போட்டு எடுக்க நேரமில்லை. பம்பரைத் தேய்த்து, கறுப்பு அடித்து, ஸ்ப்ரே அடித்துக் கொடுத்தேன். மண்டப வாசலில் மின்னிக்கொண்டுதான் நின்றது. அடுத்த மழைக்காலம் முடிந்து அவர் மறுபடி வந்தபோது, பின் பம்பரில் டிக்கி திறக்கும்போது முழங்கால் உரசும் இடம் முழுக்கக் கறுப்பாகிக் கிடந்தது. போல்ட்டைச் சுற்றிப் பெயிண்ட் கொப்பளித்து, அடியிலிருந்து துரு எட்டிப் பார்த்தது. அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. என் செலவிலேயே அதைச் சுரண்டி எடுத்துப் பிளேட்டிங்குக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து யாருக்கும் பம்பருக்கு ஸ்ப்ரே அடித்துக் கொடுப்பதில்லை.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். முதலில் எதையும் கழற்றாமல் ஒரு வேலை செய்யுங்கள். சப்பாத்தி சுற்றி வைக்க மளிகைக் கடையில் விற்கும் அலுமினிய ஃபாயிலை உள்ளங்கை அளவு கிழித்துக் கசக்கிக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர். வீல் கப்பில் ஒரு ஓரமாக நனைத்து நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். தொடக்கத்தில் கரகரவென்று கேட்கும், கறுப்பாக ஒரு சேறு கிளம்பும். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கி ஃபாயில் வழுக்க ஆரம்பிக்கும். அங்கே துணியால் துடைத்தால் உங்கள் முகம் தெரிய வேண்டும். அலுமினியத்தைவிடக் குரோம் பல மடங்கு கடினமானது, அதனால் கீறல் விழாது. துரு மட்டும் கழன்று வரும். புளி, எலுமிச்சை எல்லாம் வேண்டாம். பூச்சில் இருக்கும் ஊசிமுனை ஓட்டை வழியாகப் புளிப்பு உள்ளே இறங்கி இரும்பைத் தின்னும்.

தேய்த்து முடித்ததும் நகத்தை வைத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாமல் போனால் அந்தப் பாகத்தில் பூச்சு பிழைத்திருக்கிறது. வேக்ஸ் போட்டு வைத்தால் போதும். படத்தில் பார்த்தவரை உங்கள் வீல் கப்பும் ஹெட்லைட் வளையமும் இப்படித் தேறிவிடும். முன் பம்பர் பாதிக்கு மேல் தேறும். பின் பம்பரின் கீழ் விளிம்பில் மட்டும் பூச்சு அப்பளம் மாதிரி உரிந்திருக்கிறது. அதற்கு மட்டும் பிளேட்டிங் போடுங்கள். முன் பம்பர் அடுத்த வருடம் போகட்டும்.

பிளேட்டிங்கில் காசு எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால் பேரம் பேச வசதி. நாம் குரோம் என்று பார்ப்பது அரை மைக்ரானுக்கும் குறைவான ஒரு படலம். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். அந்தப் படலத்துக்கு அடியில் இருக்கும் நிக்கல்தான் இரும்பைக் காக்கிறது. அதற்கும் அடியில் செம்பு. குரோம் தொட்டியில் பம்பர் கிடப்பது சில நிமிடம்தான். பழைய பூச்சைக் கழற்றி, இரும்பைப் பஃப் சக்கரத்தில் (மெருகேற்றும் சக்கரம்) பிடித்து, குழி மறையும்வரை செம்பு ஏற்றி மறுபடி பஃப் அடிப்பதில்தான் நாள் ஓடும். கூலியும் அதற்குத்தான். ஆகவே பம்பரை நீங்களே கழற்றி, நெளிசலை டிங்கரிடம் எடுத்துக்கொண்டு போனால் செலவு குறையும். இன்னொன்று, செம்பு ஏற்றிப் பஃப் அடித்ததும் நிக்கலுக்கு முன்னால் ஒரு நடை போய்ப் பார்ப்பதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள். செம்பு நிறத்தில் இருக்கும்போது குழியும் சக்கரத் தடமும் பளிச்சென்று தெரியும். குரோம் எதையும் மறைக்காது, கூட்டித்தான் காட்டும். செம்பே போடாமல் நேராக நிக்கல் போடுகிறோம் என்று சொல்லும் கடை உங்கள் பம்பருக்கு வேண்டாம்.

பம்பர் திரும்பி வந்ததும் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பூச்சு மெலிசாகத்தான் ஏறியிருக்கும். சக்கரம் வாரியடிக்கும் சேறு தங்குவதும் அங்கேதான். துரு பின்னாலிருந்துதான் கிளம்பும். அங்கே பிரைமர் அடித்து, அதன்மேல் அந்தச் சில நூறு ரூபாய் டப்பாவை வாங்கி இரண்டு கை அடியுங்கள். உங்கள் வண்டியில் அந்த ஸ்ப்ரேக்கு அதுதான் இடம்.

கேள்வி: என் கார் புதியதுதான், 2013 மாடல். முன் கிரில் பிளாஸ்டிக். அதன் குரோம் ஓரங்களில் உரிந்து, துடைக்கும்போது விரலைக் கிழிக்கிறது. பிளேட்டிங் கடையில் பிளாஸ்டிக் எடுப்பதில்லை என்கிறார்கள். நானே ஸ்ப்ரே அடிக்கலாம் என்று இருக்கிறேன். முறை சொல்லுங்கள்.
(வாசகர், சேலம்)

பதில்: தாராளமாக அடியுங்கள் தம்பி. கை படாத, இரும்பு இல்லாத பாகம். துரு பயம் கிடையாது.

அது ஏபிஎஸ் பிளாஸ்டிக் மேல் செம்பு, நிக்கல், குரோம் ஏற்றியது. உரிந்த விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், தோல் கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள். தளர்ந்ததை எல்லாம் பெயர்த்து எடுத்து, விளிம்பை வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) சரிவாகத் தேய்த்து, நகம் தட்டாத வரை பட்டி பாருங்கள். பிளாஸ்டிக் பிரைமர், அதன்மேல் பளபளப்பான கறுப்பு. இந்தக் கறுப்பு டூ-கே பெயிண்டாக இருக்கட்டும், அதாவது ஹார்ட்னர் கலந்து அடிப்பது. முழு வேலையும் இந்தக் கறுப்பில்தான் இருக்கிறது. காய்ந்தபின் 1500, அப்புறம் 2000 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டுப் பாலிஷ் செய்யுங்கள். டியூப் லைட்டின் ஓரம் அதில் நெளியாமல், கோடு மாதிரி விழ வேண்டும். நெளிந்தால் மறுபடி தேயுங்கள். கறுப்பில் முகம் தெரியாவிட்டால் குரோமிலும் தெரியாது.

ஸ்ப்ரேயைப் பனி மாதிரி, தள்ளி நின்று, மெலிசாக அடியுங்கள். கறுப்பு முழுசாக மறைய வேண்டும் என்று ஊற்றி அடித்தால் சாம்பல் நிறமாகிவிடும். மழை நாளில் தொடவே வேண்டாம், ஈரக்காற்றில் லாக்கர் வெளுத்துப்போகும். கண்ணாடி குரோம் என்று தனியாக விற்கும் பெயிண்ட் விலை அதிகம். அதில் செதில் மிக மிக மெல்லியது, சாதா டப்பாவைவிட நன்றாக வரும். அதை வாங்கினால் அதே கம்பெனி சொல்லும் கிளியரைத்தான் போட வேண்டும், அவர்கள் சொல்லும் நேரம் காத்திருந்துதான் போட வேண்டும்.

ஒரு விஷயம் கண்டிப்பாக. டூ-கே பெயிண்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சுக்குழலைப் பிடித்தால் ஆஸ்துமா வரும், வந்தால் போகாது. மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு அடிக்கும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. கர்ச்சீப் எதையும் தடுக்காது. பெயிண்டருக்கான சரியான மாஸ்க் இல்லையென்றால் இந்தக் கட்டத்தை மட்டும் நல்ல பூத் (பெயிண்ட் அடிக்கும் தனி அறை) இருக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்ப்ரே குரோமிங் என்று ஒரு முறை இருக்கிறதாமே, இரட்டை மூக்குத் துப்பாக்கியால் தண்ணீர் மாதிரி அடித்தால் கண்ணாடி ஆகிவிடுகிறது. அதில் இருப்பது சில்வர் நைட்ரேட் என்கிறார்கள். நான் கெமிஸ்ட்ரி மாணவன். வீட்டிலேயே கலந்து செய்யலாமா?
(மாணவர், திருநெல்வேலி)

பதில்: நீ பிளஸ் டூவில் சோதனைக் குழாயில் பார்த்த அதே வெள்ளி ஆடிதான் தம்பி அது. 1835-இல் லீபிக் கண்டது. சில்வர் நைட்ரேட்டும் அம்மோனியாவும் ஒரு மூக்கில், வெள்ளியை இறக்கிவிடும் கரைசல் இன்னொரு மூக்கில். இரண்டும் பாகத்தின்மேல் சந்திக்கும் நொடியில் வெள்ளி படியும். அதற்கு முன்னால் தகரக் குளோரைடு கரைசலால் நனைத்துக் கழுவ வேண்டும். தண்ணீர் சுத்தமாக்கப்பட்டதாக இருக்க வேண்டும், குழாய்த் தண்ணீர் பட்டால் கறை. உண்மையிலேயே அழகாக வரும். ஆனால் அது குரோம் இல்லை, வெள்ளி. மேலே இருக்கும் கிளியர்தான் அதற்கு உயிர். வெயிலில் மஞ்சளடிக்கும் என்று கிளியரில் துளி ஊதா கலப்பார்கள். கல் தெறித்துக் கிளியரில் ஓட்டை விழுந்தால் அங்கிருந்து கறுக்க ஆரம்பிக்கும். ஷோவுக்குப் போகும் வண்டிக்கும், உள் அலங்காரத்துக்கும் நல்லது. தினம் ரோட்டில் ஓடும் பம்பருக்கு இல்லை.

வீட்டில் கலக்காதே. அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை வைத்திருந்தால் அதில் வெடிக்கும் பொருள் உண்டாகும். பாட்டிலை அசைத்தாலே வெடிக்கலாம். அதனால்தான் ஆய்வகத்தில் அந்தந்த வேளைக்குக் கலந்து, உடனே கொட்டிவிடச் சொல்கிறார்கள். இதைச் செய்யும் கடை எங்காவது இருந்தால் போய் நின்று வேலையைப் பார். அனுமதி கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

கேள்வி: எங்களிடம் பிரீமியர் பத்மினி இருக்கிறது. கதவுக் கைப்பிடிகளில் குரோம் முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளம். கடல் பக்கம் வீடு. தேய்த்தால் கொப்புளம் உடைந்து வெள்ளைப் பொடி வருகிறது. ஸ்ப்ரே அடித்துச் சரிசெய்யலாமா?
(வாசகி, புதுச்சேரி)

பதில்: அந்த வெள்ளைப் பொடிதான் விடை, சகோதரி. கைப்பிடி இரும்பு இல்லை, துத்தநாக வார்ப்பு. இரும்பு துருவேறினால் சிவக்கும், துத்தநாகம் அரித்தால் வெளுக்கும். உப்புக்காற்று பூச்சின் அடியில் புகுந்து உலோகத்தைக் குடைந்திருக்கிறது. மேலே எதை அடித்தாலும் கொப்புளம் மறுபடி எழும். அதோடு கைப்பிடி தினம் நூறு தடவை கை படும் இடம், வியர்வையும் மோதிரமும் ஸ்ப்ரேயை ஒரு மாதத்தில் தேய்த்துவிடும்.

ஆசிடில் ஊறப்போட மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். துத்தநாகம் ஆசிடில் கரையும், கைப்பிடி பாதியாகத்தான் திரும்பி வரும். சென்னைக்கு வரும்போது புதுப்பேட்டையில் ஒரு நாள் செலவழியுங்கள். பத்மினியின் கைப்பிடி பழையது தேடினால் கிடைக்கும். வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், ஒரு கொப்புளம்கூட இல்லாததை எடுங்கள். நாலும் ஒரே இடத்தில் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

கேள்வி: குரோம் பிளேட்டிங் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றனவே, ஏன்?
(வாசகர், ஈரோடு)

பதில்: அந்தத் தொட்டியில் இருப்பது குரோமிக் ஆசிட். ஆறாம் நிலைக் குரோமியம், புற்றுநோய் தருவது. என் சித்தப்பா இருபது வருடம் அந்தத் தொட்டி ஆவியை முகர்ந்தவர். அவருடைய மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுந்திருந்தது. அந்த வேலை செய்த பலருக்கு அப்படி உண்டு. கழிவு மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டைக்குப் போய்ப் பார்க்கலாம். 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு அங்கே மலையாகக் கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. அதனால் விதிகள் இறுகியிருக்கின்றன, இறுகத்தான் வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் கடை கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். நான் அங்கேதான் கொடுக்கிறேன். போனதும் ஆவி உறிஞ்சும் ஃபேன் ஓடுகிறதா, ஆட்கள் கையுறை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

கேள்வி: புல்லட் சைலன்சர் வளைவில் நீலம் பாய்ந்துவிட்டது. குரோம் ஸ்ப்ரே அடிக்கலாமா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: வேண்டாம் தம்பி, முதல் நீண்ட ஓட்டத்திலேயே கருகி மஞ்சளாகும். சூடு தாங்கும் சைலன்சர் பெயிண்ட் 600 டிகிரி வரை நிற்கும், ஆனால் அது மங்கலான சில்வர், முகம் தெரியாது. நீலத்தை மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் குறையும். அதற்கு முன் கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவையும், டைமிங்கையும் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பார்த்துவிடுங்கள். அதைச் சரிசெய்யாவிட்டால் புதுப் பைப் மாட்டினாலும் அது சீக்கிரமே நீலமாகும்.