கன்ஃபோகலில் 488 போட்டால் படம் கருப்பாகவே வருகிறது, லேசர் போய்விட்டதா?

நீங்கள் கேட்பது இதுதான்: இரண்டு வாரமாகக் கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பில் (லேசரால் ஸ்கேன் செய்து படம் எடுக்கும் கருவி) 488 நானோமீட்டர் லேசரில் எடுக்கும் படம் மங்கிக்கொண்டே வந்து, இன்று சுத்தமாகக் கருப்பு. ஐபீஸில் பார்த்தால் ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) உள்ள செல்கள் பச்சைப்பசேலென்று இருக்கின்றன. சாஃப்ட்வேர் லேசர் ஆன் என்கிறது. சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடலாமா?

கூப்பிடலாம், ஆனால் ஒரு மணி நேரம் பொறுத்து. ஓர் ஆய்வு நிறுவனத்தின் மைக்ரோஸ்கோப் அறையைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். “மேடம், லேசர் போச்சு” என்று வரும் போன்களில், லேசர் நிஜமாகவே போயிருந்த தடவைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் வெளிச்சம் வரும் வழியில் எங்கோ அடைத்துக்கொண்டதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஐபீஸில் தெரியும் பச்சைக்கும் லேசருக்கும் சம்பந்தம் இல்லை. அது மெர்க்குரி விளக்கோ எல்இடியோ தரும் வெளிச்சம். ஸ்லைடு நன்றாக இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

சரி, 405, 561 என்று மற்ற லேசர்களையும் போட்டுப் பாருங்கள். எல்லாமே கருப்பென்றால் பெரும்பாலும் இன்டர்லாக்தான், அதாவது ஆபத்தென்றால் லேசரைத் தானாக அடைக்கும் பாதுகாப்பு ஏற்பாடு. ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு மாணவி போன் செய்தாள், குரலில் அழுகை. மூன்று லேசரும் போய்விட்டதாம். மூன்றும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நேரத்தில் போகுமா? “ஸ்டேஜுக்கு மேலே இருக்கும் கண்டன்சர் கை நேரா நிக்குதா, பின்னால சாஞ்சிருக்கா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “சாஞ்சிருக்கு மேடம். டிஷ் வைக்கத் தள்ளினேன்.” முன்னால் இழுத்துவிட்டதும் படம் வந்துவிட்டது. பல இன்வெர்டட் (லென்ஸ் ஸ்டேஜுக்குக் கீழே இருக்கும்) கருவிகளில் அந்தக் கை சாய்ந்தால் லேசர் தானாக அடைபடும். இல்லாவிட்டால் கதிர் நம் முகத்துக்கு நேராக வரும். சில அறைகளில் கதவோடும் இன்டர்லாக் இணைத்திருப்பார்கள். சாவியையும் எமர்ஜென்சி பட்டனையும்கூட ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். (மார்வின் மின்ஸ்கி 1957-இல் கன்ஃபோகலுக்குப் பேட்டன்ட் விண்ணப்பித்தபோது லேசரே பிறந்திருக்கவில்லை, ஜிர்கோனியம் ஆர்க் விளக்கை வைத்து ஓட்டினார். இந்த இன்டர்லாக் தொல்லை அவருக்கு இருந்திருக்காது.)

488 மட்டும்தான் கருப்பு என்றால், அந்த வெளிச்சம் ஸ்லைடு வரை வருகிறதா என்று பாருங்கள். டிரான்ஸ்மிட்டட் டிடெக்டரை (ஸ்லைடைக் கடந்து வரும் வெளிச்சத்தைப் பிடிப்பது) ஆன் செய்து, 488-ஐ மட்டும் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். செல்களின் வடிவம் சாம்பல் நிறத்தில் தெரிந்தால் லேசர் வருகிறது, கோளாறு அதற்குப் பின்னால். டிடெக்ஷன் பேண்டை (டிடெக்டர் பிடிக்கும் அலைநீள வரம்பு) யாராவது 500–550-இலிருந்து 570-க்கு மேல் தள்ளிவைத்திருப்பார்கள், அல்லது முந்தைய ஆளின் செட்டிங் அப்படியே ஏறியிருக்கும்.

அங்கேயும் இருட்டு என்றால் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. ஜூமை நன்றாக ஏற்றி, 488-ஐ முழுப் பவரில் வைத்து, ஒரே இடத்தில் இரண்டு நிமிடம் ஸ்கேன் ஓடவிடுங்கள். பிறகு ஸ்கேனை நிறுத்தி, சாஃப்ட்வேரிலேயே ஐபீஸுக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். பச்சைக்கு நடுவே நிறம் வெளுத்த ஒரு சின்னச் சதுரம் தெரிந்தால் லேசர் அங்கே அடித்திருக்கிறது. சதுரமே இல்லையென்றால் அது ஸ்லைடு வரை வரவில்லை.

பவர் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. லேசரை ஒரு மணி நேரம் சூடாகவிட்டு, 10எக்ஸ் லென்ஸுக்கு மேலே சென்சாரை வைத்து, சாஃப்ட்வேரில் உள்ள லேசர் பவர் ஸ்லைடரை 1, 10, 50, 100 சதவீதத்தில் நிறுத்தி ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்லைடரை ஏற்றியும் எண் அசையவில்லை என்றால் ஏஓடிஎஃப் (லேசர் வெளிச்சத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வடிகட்டி) மீதோ அதன் டிரைவர் மீதோ சந்தேகப்படலாம். நாங்கள் மாதம் ஒருமுறை அளந்து சுவரில் ஒட்டிய தாளில் எழுதுகிறோம். பழைய எண் இல்லாமல் இன்றைய எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

உங்களுக்கு இரண்டு வாரமாக மெல்ல மங்கியது என்பதால் என் சந்தேகம் ஃபைபர் மீது. லேசரை ஸ்கேன் ஹெட்டுக்குக் கொண்டுபோகும் அந்தக் கண்ணாடி இழையில் வெளிச்சம் போகும் நடுப்பகுதி மூன்று நான்கு மைக்ரான் அகலம்தான். கதிர் ஒரு மைக்ரான் விலகினாலே பவர் கணிசமாகக் குறையும், அறை வெப்பம் கொஞ்சம் மாறினாலே அது விலகும். எங்கள் 561 படங்களில் சில நிமிடத்துக்கு ஒருமுறை பட்டை பட்டையாக வெளிச்சம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க டைம் சீரீஸ் ஓட்டிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: ஏசி கம்ப்ரசர் ஆன் ஆகும் நேரமும் அந்த இறக்கமும் ஒன்று. குளிர்காற்று நேராக லேசர் பெட்டி மேல் விழுந்திருக்கிறது. ஏசியின் வாயில் ஒரு அட்டையைச் செருகிக் காற்றைத் திருப்பினோம், பட்டை போய்விட்டது. ஆனால் ஒருமுறை விலகிய ஃபைபரைத் திரும்பச் சேர்ப்பது இன்ஜினியர் வேலை.

பழைய ஆர்கான் லேசர் என்றால் ஒரு சௌகரியம்: 458, 488, 514 மூன்றும் ஒரே குழாயிலிருந்து வருபவை. 514 நன்றாக வருகிறது, 488 மட்டும் இல்லை என்றால் குழாயில் உயிர் இருக்கிறது. மூன்றும் இல்லை, ஸ்டேண்ட்பையிலிருந்து ஏறவே மறுக்கிறது என்றால் குழாயின் ஆயுள் முடிந்திருக்கலாம். சில ஆயிரம் மணி நேரம்தான் உழைக்கும், மணி மீட்டரைப் பாருங்கள். அதை அணைக்கும்போது ஃபேன் தானாக நிற்கும்வரை மெயினைப் பிடுங்காதீர்கள். யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து ஃபேன் பாதியில் நின்றால் குழாய்க்கு நல்லதல்ல.

பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருப்பவை பெரும்பாலும் 3பி வகுப்பு லேசர்கள், நேரே கண்ணில் பட்டால் பார்வை போகும். 405 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும், அதை நம்பி ஏமாறாதீர்கள்.

இப்போதைக்கு (ஆர்கான் லேசர் என்றால்) 514 வருகிறதா, வெளுத்த சதுரம் விழுகிறதா என்ற இரண்டை மட்டும் பார்த்து எழுதுங்கள். இன்ஜினியரும் போனில் முதலில் அதைத்தான் கேட்பார்.